ஓடைமேட்டுக் குழாயில் மூன்று தட்டு

போன மாதம் மகேந்திரன் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் குழாய் ஃபிட்டராக இருப்பவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நிதானமான ஆள். டீயைக்கூடத் தொடாமல் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். இப்போது மெயின் குழாயில் ஒரு கருவி மாட்டியிருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் அது கைப்பேசிக்கு அனுப்பிவிடும். திரையில் ஒரு கோடு. காலையிலிருந்து நேராக வந்த கோடு பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் கீழே இறங்கி, அப்படியே போய், பிறகு ஏறி மறுபடியும் நேராகிவிட்டது.

“தெனமும் இப்படித்தாண்ணே காட்டுது. கருவிய மாத்தியும் பாத்தாச்சு, புதுசும் இதையே காட்டுது. லீக் இல்ல. திருட்டு கனெக்சன் இல்ல. இது என்னண்ணே?”

எவ்வளவு நேரம் இறங்கியிருக்கிறது என்று கேட்டேன். முப்பத்தைந்து நிமிடம் என்றார். இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தால் நானும் வேறு காரணம் தேடியிருப்பேன். முப்பத்தைந்து என்றதும் தேட வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது. யோசித்து எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இது, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும்.

நான் எந்த ஆபீசில் வேலை பார்த்தேன், எந்த ஊராட்சி என்றெல்லாம் பெயர் சொல்லப்போவதில்லை. போடிப் பக்கம், மலையடிவாரத்தில் நடந்தது என்பது போதும். ஓடைமேடு என்பதும் நானாக வைத்த பெயர்தான். உண்மைப் பெயரைப் போட்டால் பெயருக்காகச் சண்டைக்கு வருவார்கள், விஷயம் காணாமல் போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடம் மண்வெட்டியும் ஈயமும்தான். பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்பில் சணலைத் திணித்து, ஈயத்தை உருக்கி ஊற்றி, அடித்து இறுக்க வேண்டும். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. அதற்குப் பிறகுதான் கம்பியைக் கையில் கொடுத்தார்கள். ஆள் உயர இரும்புக் கம்பி, தலையில் ஒரு மரக்குமிழ். கம்பியைக் குழாய்மேல் ஊன்றி, குமிழைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக்கொண்டு மூச்சை அடக்க வேண்டும். தண்ணீர் ஓடும் இரைச்சல் கேட்கும். எங்காவது ஒழுகினால் அதில் ஒரு சீறல் கலக்கும். மேலே லாரி போனால் உறுமும். பத்து வருடத்தில் இரைச்சலை வைத்தே எந்தத் தெருவில் குழாய் திறந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, அந்தக் காது எனக்கு இருந்தது.

மலையடிவாரத்து ஓடையில் தண்ணீரைத் தேக்கி, டவுன் தொட்டிக்குக் கொண்டுவரும் மெயின் குழாய் அது. மோட்டார் கிடையாது, சரிவிலேயே இறங்கி வந்துவிடும். வருகிற வழியில் ஓடைமேட்டின் அடியில் நுழைந்து வரும். அங்கே ஐம்பது அறுபது வீடுகள். எல்லோரும் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். வெளிச்சம் வரும்போதே ஜீப்பில் ஏறி போடிமெட்டு வழியாக மலைக்குப் போய், சாயங்காலம் நாலரைக்குத்தான் இறங்குவார்கள். ஓடைமேட்டுக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்குள் டவுன் எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் கடைசி வீட்டில் ரோஜாச் செடிக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்ற மனமில்லாமல் எடுத்து வைத்திருப்பார்கள். குழாய் டவுனுடையது, ஆட்கள் ஊராட்சியுடையவர்கள். இந்த ஆபீசில் கேட்டால் அந்த ஆபீசைக் காட்டுவார்கள், அங்கே போனால் இங்கே கை நீட்டுவார்கள். ஊராட்சி போட்டுக்கொடுத்த ஆழ்துளைக் கிணறு இரண்டே கோடையில் வறண்டுபோனது. அவர்கள் படுத்து உறங்கும் தரைக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், காதை வைத்தால் கேட்கும், குடிக்க முடியாது.

இதற்கு ஒரு வழி செய்தவர் எங்கள் பழைய இன்ஜினியர். எழுத்தில் எதுவும் கிடையாது. ஓடைமேட்டை ஒட்டி ஓடையில் குழாய் தாழ்ந்து போகும் இடத்தில், உள்ளே சேரும் மண்ணை வெளியேற்ற ஒரு வால்வு இருந்தது. மண் வால்வு என்போம். அதிலிருந்து ஒரு சின்னக் குழாயை ஓடைமேட்டுத் தொட்டிக்கு இழுத்துக்கொள்ளட்டும், மதியம் இருபது நிமிடம், டவுனில் யாருக்கும் தண்ணீர் தேவைப்படாத நேரம், யாரும் கேட்டால் மண் கழுவுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஆனால் வெறுமனே மண் வால்வைத் திறந்தால் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. கீழே எல்லைக்கல் பக்கத்தில் இருக்கும் டவுன் வால்வைப் பத்துச் சுற்று இறுக்கினால்தான் குழாயில் அழுத்தம் கூடி மேலே ஏறும். ஆக இரண்டு பேர் வேண்டும். கீழே நான், மேலே ஊராட்சியின் தண்ணீர் ஆபரேட்டர் முத்துக்கருப்பன்.

ஓடைப் பள்ளத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அதனால் குழாயிலேயே பேசிக்கொண்டோம். பன்னிரண்டரைக்கு அவர் ஸ்பேனரால் குழாயில் மூன்று தட்டுவார். தயாராக இருக்கிறேன் என்று அர்த்தம். கம்பியில் கேட்டதும் நான் பத்துச் சுற்று இறுக்கிவிட்டு இரண்டு தட்டுவேன். அவர் திறப்பார். இருபது நிமிடம் கழித்து அவர் அடைத்துவிட்டு மறுபடி மூன்று தட்டுவார். நான் இரண்டு தட்டிவிட்டு என் வால்வைத் திறப்பேன். ஒருவர் தட்டாமல் மற்றவர் வால்வில் கை வைக்கக் கூடாது. வைத்தால் தண்ணீர் குழாய்க்குள் திரும்பி மோதி இணைப்பெல்லாம் விட்டுப்போகும்.

முத்துக்கருப்பனுக்குப் பழைய ஜீப் விபத்தில் வலது கை கொஞ்சம் விளங்காமல் போயிருந்தது. ஸ்பேனரை இரண்டு முறை ஓங்கினால் கை சோர்ந்துவிடும். அதனால் அவருடைய மூன்று தட்டு எப்போதும் இரண்டு சேர்ந்தாற்போல வரும், கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது வரும். என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். அவருடைய தங்கையை எனக்குக் கேட்டு, நான் மாட்டேன் என்றுவிட்டேனாம், அதனால் தண்ணீர் தருகிறேனாம், இப்படி ஒரு கதை கட்டி ஓடைமேடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவருக்குத் தங்கையே கிடையாது.

அப்படி ஏழெட்டு வருடம் ஓடியது.

ஒரு நாள் வழக்கம்போல மூன்று தட்டு வந்தது. நான் இறுக்கினேன், இரண்டு தட்டினேன். அவர் திறந்த இரைச்சலும் கம்பியில் கேட்டது. இருபது நிமிடம் ஆயிற்று, அடைத்ததற்கான தட்டு வரவில்லை. இருபத்தைந்து ஆயிற்று. மனுசன் தொட்டி நிரம்பட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். முப்பது ஆயிற்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. டவுன் தொட்டிக்காரர் வேறு ஆள் அனுப்பித் தண்ணீர் ஏன் குறைகிறது என்று கேட்டிருந்தார். முப்பத்தைந்தாவது நிமிடம், மேலே இருந்து தட்டு வராமலேயே என் வால்வை நானே மெதுவாகத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். நாளைக்கு வரட்டும், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

நாலரைக்கு ஜீப் வந்து ஆட்கள் இறங்கிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். மண் வால்வின்மேல் கவிழ்ந்து கிடந்திருக்கிறார். நெஞ்சு வலி. கையில் ஸ்பேனர் இருந்ததாம். எப்போது உயிர் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் வால்விலிருந்து அங்கே நடந்தால் பதினைந்து நிமிடம். தட்டு வரவில்லை என்றதும் நான் நடந்திருந்தால் என்ற எண்ணம் இன்றைக்கு வரைக்கும் என்னை விடவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

அவர் இடத்துக்கு ஊராட்சி வேறு ஆள் போடவில்லை. வேலையே இல்லாத கிணற்றுக்கு எதற்கு ஆபரேட்டர் என்று விட்டுவிட்டார்கள். அவரோடு இருபது நிமிடமும் போயிற்று. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் ஏலச்சாறு பிசுபிசுத்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல் தாண்டி வந்து, ரோஜாச் செடிக்காரர்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். சிலர் கொடுத்தார்கள், சிலர் கேட்டைச் சாத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புது இன்ஜினியர் வந்தார். ஒரு அம்மா. மேடம் என்றே சொல்கிறேன். வால்வுக் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். வால்வைத் திருகும்போது சுற்றுகளை வாய்க்குள் எண்ணுவார், எண்ணும்போது யாராவது பேசினால் முதலிலிருந்து திருகச் சொல்வார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அவரிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: “எழுதுங்க.” முதல் வாரம் நான் நோட்டில், ‘மூன்றாவது தெருவில் ஒழுகல் இருக்கலாம்’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டுச் சொன்னார்: “பரமசிவம், கேட்டதை எழுதுங்க. நெனச்சதை எழுத வேண்டாம்.” அன்றிலிருந்து ‘சீறல் கேட்டது’ என்று மட்டும் எழுதப் பழகினேன். ஒவ்வொரு நாளும் மதியம் எல்லைக்கல் வால்வில் கம்பி வைத்துக் கேட்டு எழுத வேண்டும் என்று அவர்தான் உத்தரவு போட்டார். பழைய ஏற்பாடு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

முத்துக்கருப்பனின் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சித்திரை வெயில். உச்சிப் பொழுதில் ஓடைப் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். மேலே ஓடைமேட்டில் எல்லோரும் மலைக்குப் போயிருப்பார்கள், கீழே டவுனில் எல்லோரும் கதவைச் சாத்தியிருப்பார்கள். நடுவில் நான் மட்டும் குழிக்குள் குந்தியிருந்தேன். கம்பியை ஊன்றிக் குமிழைக் காதில் வைத்தேன்.

டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.

நான் அசையவில்லை. வெயிலில் இரும்பு விரிந்து சத்தம் வருவது உண்டுதான், அது எனக்குத் தெரியாதா? இது ஸ்பேனரின் சத்தம். அதுவும் எந்தக் கையின் சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. கம்பியை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே மாதிரி வந்தது. பதிலுக்குக் காத்திருந்து தட்டுவதைப் போல இருந்தது. கம்பியைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்து ரோட்டில் நின்றேன்.

நோட்டில் எழுத வேண்டுமே. பொய்யும் எழுதலாம், யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. ‘12.30. இரண்டு தட்டு, சற்று விட்டு ஒரு தட்டு. மீண்டும் ஒருமுறை’ என்று எழுதினேன். அடுத்த நாளும் அதேதான் கேட்டது, அதையே எழுதினேன். மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் சத்தம் மாறியிருந்தது. மூன்று தட்டும் ஒரே சீராக, கொஞ்சம் மெலிவாக வந்தது. அதையும் கேட்டபடியே எழுதினேன். அன்றிலிருந்து தினமும் அந்தச் சீரான மூன்று தட்டுத்தான். தட்டி முடித்ததும் குழாயில் மாட்டியிருந்த அழுத்தமானியின் முள் மயிரிழை இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஏறும். ஒரு நாள்கூட நான் பதில் தட்டவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். செத்தவனுக்குப் பதில் சொன்னால் கூடவே கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவான் என்று மனதில் ஒரு எண்ணம்.

நோட்டைப் படித்த மேடம் என்னைக் கூப்பிட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. யார் தட்டுவது, எதற்குத் தட்டுவது என்று கேட்டார். அப்போதுதான் இருபது நிமிட ஏற்பாடு, பத்துச் சுற்று, மூன்று தட்டு, இரண்டு தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தைந்தாவது நிமிடம் நான் செய்ததையும் சொன்னேன். அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, நாளை மதியம் மேலே போவோம் என்றார்.

போனோம். அந்த மதியத்தை என்னால் மறக்க முடியாது. ஐம்பது அறுபது வீடும் சாத்திக் கிடந்தன. கயிற்றில் துணி காய்கிறது, அடுப்பில் நேற்றைய சாம்பல் இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. ஏதோ ஒரு வீட்டுக்குள் அணைக்க மறந்த ரேடியோவில் மலையாளத்தில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் நடந்த சத்தத்துக்கு ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மண் வால்வுக் குழியின் மூடி பூட்டியிருந்தது. பன்னிரண்டரை ஆனது, ஒன்று ஆனது, ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குழியைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. அந்த வெயிலில் அது எப்படிக் காயாமல் இருக்கும்? மேடம் குனிந்து ஈரத்தைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். “நாம ரெண்டு பேரும் வந்ததுதான் தப்பு. நாளைக்கு நீங்க மட்டும் வாங்க. நான் கீழ இருக்கேன்” என்றார்.

மறுநாள் நான் வெளிப்படையாகப் போகவில்லை. ஓடைக்கரையில் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால், கடைசி வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் கையில் குடமும் மடியில் எதையோ செருகியும் வந்தார். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, முத்துக்கருப்பனின் மனைவி சின்னத்தாய். மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுத்து மூடியைத் திறந்தார். மடியிலிருந்தது அவர் புருசனுடைய ஸ்பேனர். அதை இரண்டு கையாலும் பிடித்துக் குழாயில் மூன்று தட்டினார். பிறகு குப்புறப் படுத்துக் குழாயில் காதை வைத்துக்கொண்டு கிடந்தார். பதில் வரவில்லை. எழுந்து வால்வைத் திறந்தார். நூல் மாதிரி வழிந்த தண்ணீரில் குடத்தைப் பிடித்தார். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அவமானமாக இருந்தது. வெளியே வந்தேன்.

அவர் பதறவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒம்பது நாளாத் தட்டுறேண்ணே. பதிலே காணோம். நீங்களும் போய்ச் சேந்துட்டீகன்னு நெனச்சேன்.”

நான் பதில் சொல்வதற்குள், குழிக்குள் குழாயில் இரண்டு தட்டு கேட்டது.

சின்னத்தாயின் கையிலிருந்த குடம் நழுவிவிட்டது. நான் இங்கே நிற்கிறேன், தட்டியது யார் என்று அவர் என்னையே பார்த்தார். ஒரு கணம் எனக்கும் மேடம் நினைவே வரவில்லை. அதற்குள் வால்வுக்குள் உறுமல் கிளம்பியது. நூலாக வழிந்தது கட்டையாகப் பாய்ந்தது. மேட்டில் வருடக்கணக்கில் தண்ணீர் காணாததைப் போலக் காய்ந்து கிடந்த தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கீழே அந்த அம்மா கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, பத்துச் சுற்று இறுக்கியிருக்கிறார். சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மலைக்குப் போகாத நாட்களில் புருசனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இந்தத் தட்டும் முறையைப் பழகிக்கொண்டதாகச் சொன்னார். இப்போது மலைக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். நேற்று எங்கள் இருவரையும் பார்த்துக் கதவுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டாராம், குழாயைத் தொட்டதற்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று. ஓடைமேட்டில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு மட்டும் அந்தக் குடத்தைப் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் விளங்கிவிட்டது என்று நிம்மதியாகக் கீழே வந்து நடந்ததைச் சொன்னேன். மேடம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஒன்பது நாளாகத் தட்டியதாகத்தானே சொன்னார், நேற்று நம்மைப் பார்த்து ஒளிந்துகொண்டதைக் கழித்தாலும் உங்கள் நோட்டில் பன்னிரண்டு நாள் இருக்கிறதே, முதல் மூன்று நாள் ‘சற்று விட்டு ஒரு தட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே என்றார்.

மறுபடி மேலே போய்ச் சின்னத்தாயிடம் கேட்டேன். அந்த மூன்று நாளும் அவர் ஓடைமேட்டிலேயே இல்லை. காரியம் முடிந்து சிலமலையில் அக்கா வீட்டுக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டு வந்திருக்கிறார். சாவியும் ஸ்பேனரும் அவர் பையிலேயே இருந்திருக்கின்றன.

“ரெண்டு, அப்பறம் ஒண்ணா?”

“ஆமாம்மா.”

“நீங்க பதில் தட்டுனீகளாண்ணே?”

இல்லை என்று சொன்னேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடம் அந்த நோட்டை வைத்துத்தான் காரியத்தைச் சாதித்தார். மண் வால்வு திறந்த நேரம், முள் இறங்கிய அளவு, அதே நாள் சாயங்காலம் டவுன் தொட்டி நிறைந்ததா இல்லையா என்பதையெல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினார். சின்னத்தாயும் நானுமாக ஒரு மாதம் முறையாகத் தட்டித் திறந்து அடைத்தோம். டவுன் தொட்டி ஒரு நாளும் குறையவில்லை. இரண்டு ஆபீசையும் உட்காரவைக்க வேண்டும். இவர்கள் அங்கே போக மாட்டார்கள், அவர்கள் இங்கே வர மாட்டார்கள். கடைசியில் எல்லைக்கல்லின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, அவரவர் எல்லைக்குள் அவரவர் உட்கார்ந்து பேசினார்கள். காகிதம் கல்லின்மேல் கிடந்தது.

நோட்டைப் புரட்டிய ஊராட்சிக்காரர் ஒருவர் அந்த மூன்று நாளைக் காட்டி, அப்போது எங்களுக்கு ஆபரேட்டரே இல்லையே, இது யார் தட்டியது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். மேடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “நீங்க ஆள் போடல. நாங்க பதில் சொல்லல. ரெண்டு பேருக்கும் சேத்து யாரோ வேல பாத்திருக்காங்க.” அன்றைக்கே கையெழுத்தானது. சின்னத்தாயை ஆபரேட்டராகப் போட்டார்கள். இருபது நிமிடம் நாற்பதானது. சில வருடத்தில் டவுனையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துக் கூட்டுத் திட்டம் வந்து, ஓடைமேட்டுக்குத் தனிக் குழாயே போட்டார்கள். மண் வால்வைக் கழற்றிவிட்டு, வாயைப் பிளேட் வைத்து மூடி, குழியை மணல் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்ட் பூசியாயிற்று. பூசும்போது நான் நின்று பார்த்தேன். ஆக, மகேந்திரன், அங்கே திறக்கவும் அடைக்கவும் இப்போது ஒன்றும் கிடையாது.

நீங்கள் வந்துபோன மூன்றாம் நாள் ஓடைமேட்டுக்குப் போனேன். சின்னத்தாய்க்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. வாசலில் குழாய் இருக்கிறது. கைப்பேசிக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டரைக்கு இறங்குகிறது, முப்பத்தைந்து நிமிடம் என்றேன். அந்த முப்பத்தைந்து நிமிடம் என்னவென்று அவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். இத்தனை வருடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். குழாயை மூடிவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

“பதில் தட்டுனீகளாண்ணே?”

அடுத்த நாள் உங்களிடம் எல்லைக்கல் குழிச் சாவியை வாங்கினேனே, ஏன் என்று கேட்டீர்கள், நான் சொல்லவில்லை. வீட்டுப் பரணிலிருந்து பழைய கம்பியை இறக்கி எடுத்துக்கொண்டு போனேன். குழிக்குள் இறங்குவதற்குள் முழங்கால் கெஞ்சியது. வெயில் அதே வெயில். கம்பியை ஊன்றிக் குமிழைக் காதில் வைத்தேன். இதற்குமேல் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

12.30. இரண்டு தட்டு, சற்று விட்டு ஒரு தட்டு. வால்வைப் பத்துச் சுற்று இறுக்கி, இரண்டு தட்டினேன். மேலே தண்ணீர் திறந்த இரைச்சல். 12.50 வரை இரைச்சல். இரைச்சல் நின்றது. இரண்டு தட்டு. சற்று விட்டு, ஒரு தட்டு.

நான் இரண்டு தட்டிவிட்டு வால்வைத் திறந்தேன். குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, சாவியை உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று நீங்கள் போன் செய்து, அன்றைக்கு அடுத்த நாளிலிருந்து கோடு நேராகப் போகிறது, கருவி தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்னீர்கள். கருவிமேல் தப்பு இல்லை, மகேந்திரன். அன்றைக்கு அடைக்காமல் விட்டதை முத்துக்கருப்பன் அடைத்துவிட்டார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.